டூவெமோலா ஆப்பிளும் துவைகல் மாமரமும்

சுவீடனின் தெற்குக் கரையில், கார்ல்ஸ்ஹாம் துறைமுகத்தில் ஓர் இரட்டைச் சிலை உண்டு. ஆக்சல் ஓல்சன் என்ற சிற்பி வடித்து 1959-இல் நிறுத்தியது. ஆண் கடலைப் பார்க்கிறான். பெண் கழுத்தைத் திருப்பி, விட்டுப் போகிற ஊர்ப்பக்கம் பார்க்கிறாள். இதே சிலைக்கு ஒரு மறுபதிப்பு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் லிண்ட்ஸ்ட்ராம் என்ற சிற்றூரிலும் நிற்கிறது. நான் குடியிருக்கும் மினியாபொலிஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம்.

கப்பல் ஏறுகிற ஊரில் ஒருத்தி திரும்பிப் பார்ப்பதில் அதிசயம் இல்லை. வந்து இறங்கி, காடு திருத்தி, வீடு கட்டி, பிள்ளை பெற்ற ஊரிலும் அவளைத் திரும்பிப் பார்க்கவே நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வந்து சேர்ந்தால் திரும்பிப் பார்ப்பது நின்றுவிடும் என்று யார் சொன்னது?

அந்தப் பெண் கிறிஸ்டினா. அவன் அவள் புருஷன் கார்ல் ஆஸ்கர். இருவரும் உயிரோடு இருந்தவர்கள் இல்லை. வில்ஹெல்ம் மோபெர்க் என்ற சுவீடிஷ் எழுத்தாளர் 1949 முதல் 1959 வரை நான்கு பாகங்களாக எழுதிய பெருநாவலின் பாத்திரங்கள். கதை மாந்தருக்குச் சிலை வைத்து, அவர்கள் குடியிருந்த வீடு இதுதான் என்று லிண்ட்ஸ்ட்ராம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டையும் காட்டுகிறார்கள். சிலப்பதிகாரம் படித்துவிட்டுக் கண்ணகிக்குக் கடற்கரையில் சிலை வைத்த நமக்கு இதெல்லாம் புதிதா என்ன?

மோபெர்க் 1898-இல் ஸ்மோலாந்து என்ற பகுதியில் பிறந்தவர். கல் பொறுக்கிப் பொறுக்கியே முதுகு வளைகிற பூமி அது. அவருடைய அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் பலர் அமெரிக்கா போய்விட்டார்கள். அவர் ஊரில் தங்கிவிட்டார். 1850-இல் சுவீடனின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அதற்கடுத்த எண்பது ஆண்டுகளில் 13 லட்சம் பேர் வெளியேறினார்கள். போரில்லாத காலம், அம்மை குத்தும் ஊசி, உருளைக்கிழங்கு, இந்த மூன்றும் சேர்ந்து ஜனத்தொகையைப் பெருக்கிவிட்டன என்பது அந்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. பெருகிய ஜனத்துக்கு நிலம் பெருகவில்லை. அப்பன் சொத்து பிள்ளைகளுக்குள் துண்டாகித் துண்டாகி, கடைசியில் வட்டி கட்டவே விளைச்சல் காணாது என்றானது. போதாக்குறைக்கு மதச் சட்டம். வீட்டில் நாலு பேர் கூடித் தாமாகவே வேதம் படித்தால் தண்டனை. அந்தச் சட்டம் 1858 வரை நடப்பில் இருந்தது.

நாவலில் கார்ல் ஆஸ்கர் ஒரு பத்திரிகையில் அமெரிக்கக் கோதுமை வயலின் படத்தைப் பார்க்கிறான். வேலி இல்லை, கல் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் கதிர். அன்றிலிருந்து அவன் மனசு அங்கே போய்விடுகிறது. கிறிஸ்டினா மறுக்கிறாள். கடல் பயம் ஒரு பக்கம். தான் பிறந்த டூவெமோலாவில் இருக்கும் அப்பா அம்மாவை இனி சாகிற மட்டும் பார்க்க முடியாதே என்பது இன்னொரு பக்கம். அப்புறம் ஒரு பஞ்ச காலம் வருகிறது. பசித்துக் கிடந்த மூத்த மகள் அன்னா, விசேஷத்துக்கு வைத்திருந்த பார்லிக் கஞ்சியை ஆசைதீர அள்ளித் தின்கிறாள். சரியாக வேகாத தானியம் வயிற்றில் ஊதிப் பெருத்துக் குழந்தை போய்விடுகிறது. அதற்குப் பிறகு கிறிஸ்டினா வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்மதம் என்றும் மனசாரச் சொன்னதாக எனக்குப் படவில்லை. எதிர்த்துப் பேச அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

1850-இல் அவர்கள் கூட்டம் கார்ல்ஸ்ஹாமில் 'சார்லோட்டா' என்ற பாய்மரக் கப்பலில் ஏறுகிறது. அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. கப்பலின் அடித்தட்டில் கிறிஸ்டினா தன் உடம்பில் பேன் ஊர்வதைக் காண்கிறாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, யார் கொண்டு வந்தது என்று: உல்ரிகா. ஊரில் உடம்பை விற்றுப் பிழைத்தவள், தேவாலயத்தில் சேர்க்கப்படாதவள். இவள் கூடவா நாம் ஒரே கப்பலில் என்று முதல் நாளிலிருந்தே கிறிஸ்டினாவுக்கு முகச்சுளிப்பு. எல்லோர் முன்னாலும் அவளைக் குற்றம் சாட்டிவிடுகிறாள். உல்ரிகா துணியை அவிழ்த்துக் காட்டுகிறாள். அந்தத் தட்டில் பேன் இல்லாத ஒரே உடம்பு அவளுடையதுதான்.

அதே உல்ரிகாதான் பின்னால் புது நாட்டில் கிறிஸ்டினாவுக்குப் பிரசவம் பார்க்கிறாள். பாதிரியாரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு மதிப்போடு வாழ்கிறாள். கிறிஸ்டினாவுக்கு அந்த நாட்டில் கிடைத்த ஒரே தோழியும் அவளே. ஊரை விட்டு வந்ததால் உல்ரிகாவுக்குக் கிடைத்தது ஒரு புதுப் பிறவி. ஊர் அவளுக்கு என்ன கொடுத்தது, அதை நினைத்து ஏங்க? மோபெர்க் இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏக்கம் எல்லோருக்கும் பொதுச் சொத்து இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். ஊரில் தனக்கென்று ஒரு திண்ணை இருந்தவளுக்குத்தான் ஏக்கம். ஊரே கல்லெறிந்தவளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்குத் திண்ணை இருந்தது. பெரியகுளத்தில், வராக நதிக்குப் போகிற சந்தில், அப்பத்தா வீடு. கொடைக்கானல் மலையடிவாரம், சுற்றிலும் மாந்தோப்பு. சித்திரை, வைகாசியில் லாரி லாரியாக காசாலட்டும் செந்தூராவும் ஏறும். எங்களுக்குத் தோப்பு கிடையாது. கொல்லையில் ஒரே ஒரு மாமரம், துவைக்கிற கல்லை ஒட்டி. யாரோ சாப்பிட்டு எறிந்த கொட்டை, சோப்புத் தண்ணி குடித்துத் தானாக முளைத்தது என்பார்கள். அதற்குப் பெயர் இல்லை. துவைகல் மரம் என்போம். காய் சின்னது. பழுத்தால் நார் நாராக இருக்கும், கடித்துத் தின்ன முடியாது. நுனியில் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். முதலில் ஒரு புளிப்பு, பிறகு தித்திப்பு, கடைசியில் தொண்டையில் லேசாகக் கற்பூர வாசம். சந்தையில் காசு கொடுத்து எவரும் வாங்க மாட்டார்கள். ஊறுகாய்க்கு மட்டும் அந்தக் காயை அடித்துக்கொள்ள ஆளில்லை. பங்குனியில் அப்பத்தா வடு பொறுக்கி, கல் உப்பும் விளக்கெண்ணெயும் போட்டுக் குலுக்கி, மண் ஜாடியில் வேடு கட்டி வைப்பார். திறக்கிற அன்று தெருமுனை வரை வாசம் தெரியும்.

"ஏத்தா, ஒட்டு மரம் எவன் வீட்டுலயும் இருக்கும். இது ஒருத்தி பெத்த பிள்ளை" என்பார் அப்பத்தா.

அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கு விளங்கியது கிறிஸ்டினாவைப் படித்தபோதுதான்.

கார்ல் ஆஸ்கர் குடும்பம் மினசோட்டாவில் சிசாகோ ஏரிக்கரையில் குடியேறுகிறது. மரத்தை வெட்டிக் குடிசை, பிறகு வீடு. கரிசல் மண்ணைப் போலக் கறுத்த மண். கார்ல் ஆஸ்கர் கையால் அள்ளி அள்ளிப் பார்க்கிறான். ஆறு மாதப் பனி. ஒரு புயலில், உறைந்து போகிற மகனைக் காப்பாற்ற, வண்டி மாட்டை அறுத்து அதன் வயிற்றுச் சூட்டுக்குள் பிள்ளையை வைக்கிறான். அப்படிப்பட்ட மனுஷன். முன்னால் என்ன செய்யலாம் என்று மட்டுமே பார்க்கத் தெரிந்தவன்.

கிறிஸ்டினா இராத்திரியில் தூக்கம் வராமல் கிடக்கிறாள். குறை என்று அவளால் சொல்ல முடியவில்லை. சோறு இருக்கிறது, நிலம் இருக்கிறது, புருஷன் அடிக்கிறவன் இல்லை. பகலெல்லாம் பால் கறந்து, ரொட்டி சுட்டு, நூல் நூற்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். கண்ணை மூடினால் டூவெமோலா. புது நாட்டுப் பேச்சு அவளுக்குக் கடைசி வரை வாயில் வரவில்லை. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அம்மா புரியாமல் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கிறார்கள். வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து பேரன் பேத்திகளை வாய்பார்க்கிற எத்தனை அம்மாக்களை எனக்குத் தெரியும்!

கார்ல் ஆஸ்கருக்கு மனைவியின் ஏக்கம் புரிகிறது. என்ன மருந்து என்று தெரியவில்லை. அவன் கையால் வேலை செய்கிறவன், அதனால் கையால் ஆகிற இரண்டு காரியம் செய்கிறான். ஒன்று, புது வீட்டுக்கும் நிலத்துக்கும் 'புது டூவெமோலா' என்று அவள் பிறந்த வீட்டுப் பெயரையே வைக்கிறான். இன்னொன்று, அவள் பிறந்த வீட்டு வாசலில் நின்ற அஸ்திரகான் ஆப்பிள் மரத்தின் விதையை அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதிப்போடுகிறான். விதை கடிதத்தோடு கடல் தாண்டி வருகிறது. அதை முளைக்கப் போட்டு, வீட்டோரமாக நட்டு, குளிர்காலத்துக்கு மூடி, வளர்க்கிறார்கள். அது கிறிஸ்டினாவின் மரம். தினமும் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இன்றைக்கு ஒரு மாங்கொட்டையை உறையில் போட்டுப் பெரியகுளத்திலிருந்து மினியாபொலிஸுக்கு அனுப்ப முடியுமா? விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, பழம், காய், விதை, இலை எதுவானாலும் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: கொட்டைக்குள் வண்டு இருக்கும், இலையில் பூச்சி இருக்கும், அது அவர்கள் தோட்டத்தைத் தின்றுவிடும். இந்திய மாம்பழமே 2007 வரை இந்த நாட்டுக்குள் முறைப்படி வர முடியாமல் இருந்தது. கதிர்வீச்சு காட்டிப் பூச்சி நீக்கி அனுப்பலாம் என்று ஒப்பந்தமான பிறகுதான் கப்பலேறாமல் விமானமேறி வந்தது. இந்தியக் கடையில் பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாங்கள் வரிசையில் நிற்போம். பிரித்தால் அல்போன்சா, கேசர். நல்ல பழம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொண்டையில் கற்பூரம் வராது.

கிறிஸ்டினாவின் மரம் காய்க்க வருஷங்கள் ஆகின்றன. அதற்குள் அவள் உடம்பு பிரசவம் பிரசவமாகத் தேய்கிறது. இன்னொரு பேறு வந்தால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். புருஷனும் விலகியே இருக்கிறான். ஆண்டவன் கையில் விட்டுவிடுவோம் என்று முடிவெடுப்பது அவள்தான். கரு தரிக்கிறது, கலைகிறது, அவள் படுக்கையில் விழுகிறாள். மரத்தில் முதல் ஆப்பிள் பழுத்திருக்கிறது. கார்ல் ஆஸ்கர் பறித்து வந்து கொடுக்கிறான். அவள் கடிக்கிறாள். எங்கள் வீட்டு ஆப்பிள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்கிற நினைப்போடு போய்ச் சேர்கிறாள்.

நாவலைப் படித்தவர்கள் அழுவது இந்த இடத்தில்தான். நான் அழவில்லை. எனக்குச் சுருக்கென்று வேறொன்று தைத்தது. பெரியகுளத்தில் வளர்ந்தவளுக்கு அது தைக்காமல் எப்படி இருக்கும்?

விதை போட்டு முளைத்த ஆப்பிள் தாய் மரத்தைப் போலக் காய்க்காது. மாம்பழத்துக்கும் பெரும்பாலும் இதே விதிதான். மல்கோவாக் கொட்டையைப் புதைத்தால் மல்கோவா வராது. என்ன வரும் என்று மரத்துக்கே தெரியாது. பூவுக்கு மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ, அந்த அப்பனின் குணமும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கும். அதே பழம் வேண்டுமென்றால் தாய் மரத்தின் குச்சியைச் சீவி இன்னொரு கன்றில் ஒட்டுக் கட்ட வேண்டும். எங்கள் ஊர் நாற்றங்கால்களில் நாள் முழுக்க நடக்கிற வேலை அது. பழைய காலத்தில் கன்றுத் தொட்டியைத் தாய் மரத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது இளந்தண்டைச் சீவிச் சொருகி பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். உலகத்தில் இருக்கிற அத்தனை அல்போன்சா மரமும் ஒரே மரத்தின் கிளைகள்தான், வெவ்வேறு வேரில் நிற்பவை.

அப்படியானால் கிறிஸ்டினா கடித்தது எது? டூவெமோலா ஆப்பிள் இல்லை. டூவெமோலா மரத்துக்குப் பிறந்து, மினசோட்டா மண்ணைத் தின்று, மினசோட்டாப் பனியில் விறைத்து வளர்ந்த, அதற்கு முன் இந்த உலகத்தில் இல்லாத ஒரு பழம். சாவின் விளிம்பில் நின்றவள் அதைத் தன் வீடு என்று கண்டுகொண்டாள். அவள் நாக்கு ஏமாந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஊரை விட்டுப் பிரிந்திருந்த நாக்கில், அசல் ருசி எப்படி இருக்கும் என்கிற நினைவும் வேறு விதையாக முளைத்திருக்காதா? நாக்கும் மாறி, பழமும் மாறி, இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன. ஊர் என்று அவள் கண்டது அந்தச் சந்திப்பைத்தான்.

மோபெர்க்குக்கு இந்தத் தோட்டக்கலை தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். நாவலுக்குத் தகவல் தேடி 1948-இல் மினசோட்டா வந்தவர், ஆண்ட்ரூ பீட்டர்சன் என்ற சுவீடிஷ் குடியேறியின் நாட்குறிப்புகளை எழுத்தெண்ணிப் படித்தார். பீட்டர்சன் 1850-இல் வந்து, வக்கோனியா ஏரிப் பக்கம் நிலம் பிடித்து, 1898-இல் சாகும் வரைக்கும் அன்றாடம் குறிப்பு எழுதியவர். இன்ன தேதியில் உழுதேன், இன்னாருக்கு வேலிக்கம்பு வெட்டினேன், பசு ஈன்றது என்ற ரகத்தில் சுருக்கமாக. அதே பீட்டர்சன் அந்த வட்டாரத்தின் பெரிய ஆப்பிள் தோட்டக்காரர். கிழக்கே விளைந்த ஆப்பிளெல்லாம் மினசோட்டாக் குளிரில் செத்து விழுந்தபோது, எது தாங்கும் என்று ரஷ்ய ரகங்களையும் ஒட்டுக் கட்டிச் சோதித்துப் பார்த்தவர். ஏக்கம் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதவில்லை. மரம் வைத்தார். அவர் விட்ட இடத்தில் கிறிஸ்டினாவை வைத்து எழுத வேண்டியிருந்தது மோபெர்க்குக்கு.

அவர் எழுதாமல் தாண்டிப் போகாத இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டினா சாகிற அந்த 1862-இல்தான் மினசோட்டாவில் டகோட்டா மக்களின் போர் வெடித்தது. ஒப்பந்தம் போட்டு நிலத்தை வாங்கிக்கொண்டு, தருவதாகச் சொன்ன பணத்தையும் தானியத்தையும் காலத்தில் தராமல் பட்டினி போட்டதில் மூண்ட போர். முடிவில், டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெங்கும் இல்லை. மறு வருஷம் மிச்சமிருந்தவர்களைப் படகிலேற்றி மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். கிறிஸ்டினா தன் ஊரை நினைத்து அழுத நிலம் இன்னொருத்தியின் ஊர். அந்த இன்னொருத்திக்குக் கடிதத்தில் விதை அனுப்ப ஊரில் யாரும் மிச்சமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, என் ஏக்கத்தைக் கொஞ்சம் தழைந்த குரலில்தான் பேச முடிகிறது. எனக்கு விசா முத்திரை குத்தி வழியனுப்பினார்கள். என்னை எவரும் துரத்தவில்லை.

துவைகல் மரம் இப்போது இல்லை. அப்பத்தா போன பிறகு வீடு பங்கு பிரிந்தது. யாராலும் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மரத்தை வெட்டினார்கள். அவர்கள் இடம், அவர்கள் கார். கோபிக்க என்ன இருக்கிறது? சித்தப்பா போனில் சொன்னபோது, "நல்ல வேளை, வேர் சுவரைப் பிளக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். ஊரில் இருப்பவர்களுக்கு மரம் என்றால் வேர், குப்பை, எறும்பு. வெளியூரில் இருப்பவளுக்கு மட்டும்தான் அது வெறும் பழம்.

வெட்டியதற்கு முந்தின நாள் யாராவது ஒரு குச்சி ஒடித்து ஒட்டுக் கட்டியிருந்தால் போதும். ஊரில் அந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெயரில்லாத மரத்துக்கு எவர் ஒட்டுக் கட்டுவார்? விலைபோகிற மரம் ஆயிரம் கொல்லையில் உயிரோடு இருக்கும். கொட்டை மரம் ஒன்று போனால், அந்த ருசி உலகத்திலிருந்தே போயிற்று. அப்பத்தா சொன்னது அதைத்தான். நாளைக்கே நான் பெட்டி கட்டிக்கொண்டு பெரியகுளத்துக்குத் திரும்பி, அதே சந்தில் வாடகைக்கு வீடு பிடித்து உட்கார்ந்தாலும், அந்தப் புளிப்பும் கற்பூரமும் கிடைக்கப் போவதில்லை. நான் ஏங்குகிற ஊருக்கு விமானச் சீட்டு விற்பதில்லை.

இது தெரிந்த பிறகும் ஏக்கம் குறையவில்லை என்பதுதான் விசித்திரம். முன்னெல்லாம் 'போய்விட்டால் சரியாகிவிடும்' என்று ஒரு கதவு திறந்திருந்தது. இப்போது அது இல்லை. ஆனாலும் மனசு ஒரு விதத்தில் லேசாகியிருக்கிறது. திரும்பிப் போவதா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை என் வீட்டுக்காரரோடு நான் இப்போதெல்லாம் நடத்துவதில்லை. அவர் கார்ல் ஆஸ்கர் ஜாதி. வீட்டுக் கடன் எப்போது அடைபடும், கூரை ஓட்டை எப்போது மாற்றலாம் என்பதிலேயே அவருக்குப் பொழுது போகும். ஒரு குடும்பத்தில் ஒருவர் முன்னால் பார்த்தால் இன்னொருவர் பின்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. பெரியப்பா மகன் கல்யாணத் தேதி, யாருக்கு என்ன சீர் செய்தோம், எந்தச் சொந்தம் யாரோடு பேசுவதில்லை, குலசாமிக்குப் பொங்கல் எப்போது என்பதெல்லாம் யாராவது ஒருவர் தலையில் இருந்தாக வேண்டுமே. ஏக்கத்தைச் சும்மா உட்கார்ந்து மூக்கைச் சிந்துவது என்று நினைப்பவர்களுக்குத் தெரியாது, அது சம்பளமில்லாத ஒரு முழுநேர உத்தியோகம். கிறிஸ்டினா அதைத்தான் பார்த்தாள்.

அவள் போன பிறகு அந்த உத்தியோகம் யாருக்கு வந்தது தெரியுமா? கார்ல் ஆஸ்கருக்கு. கடைசிப் பாகத்தில் அவன் கிழவன். பிள்ளைகள் அமெரிக்கர்களாகிவிட்டார்கள். முன்னால் பார்க்க இனி ஒன்றுமில்லை. அவன் படுக்கையில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்கிறான்: யூடர், அவன் பிறந்த வட்டாரம். அதில் விரலை வைத்து, இந்தப் பாதை வழியாகப் போனால் ஆலை, இங்கே திரும்பினால் தேவாலயம், இதோ இந்த மேட்டில் நம் நிலம் என்று கால் நடக்காத பாதையெல்லாம் விரலால் நடக்கிறான். வாழ்நாள் முழுக்க மனைவி சுமந்ததை, அவள் போனபின் தான் சுமக்கிறான். 1890-இல் அவன் சாகிறான். சுவீடனில் இருக்கும் அவன் தங்கைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதுகிற கடிதம்தான் நாவலின் முடிவு. அவர் எழுதுகிற சுவீடிஷில் ஆங்கிலம் வேப்பமுத்து போல அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. பிள்ளைகளால் அந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. அவர்களுக்கு அந்தப் பாஷையில் எழுத வராது.

இந்தக் கதையை 1971-லும் 1972-லும் யான் ட்ரோல் இரண்டு படங்களாக எடுத்தார். கிறிஸ்டினாவாக லிவ் உல்மன். பிற்பாடு 1995-இல் 'ஆபா' இசைக்குழுவின் பென்னியும் பியோர்னும் கிறிஸ்டினா பெயரிலேயே இசை நாடகமாக்கினார்கள். கதாநாயகன் கார்ல் ஆஸ்கர் இருக்க, அவன் மனைவியின் பெயரை வைத்தார்கள் பாருங்கள். லிண்ட்ஸ்ட்ராம் ஊரிலும் வேடிக்கை ஒன்று நடந்தது. ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பது சுவீடிஷ் வழக்கம். நெடுஞ்சாலைத் துறை புதுப் பலகை வைத்தபோது புள்ளிகளை விட்டுவிட்டது. ஊர் கொதித்தது. 2015-இல் மாநில ஆளுநர் மார்க் டேட்டன் தாமே உத்தரவு போட்டுப் புள்ளிகளைத் திருப்பி வைக்கச் சொன்னார். அந்த ஊரில் இன்று சுவீடிஷ் பேசுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேச்சு போனாலும் புள்ளி போகக் கூடாது என்று நின்றார்கள். சிரிப்பு வந்தது, கூடவே அவர்கள் மேல் ஒரு பிரியமும்.

மினசோட்டாப் பல்கலைக்கழகம் குளிருக்குத் தாங்கும் ஆப்பிள்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாக உருவாக்கி வருகிறது. அதில் 1991-இல் வெளிவந்த ஹனிகிரிஸ்ப் உலகப் புகழ் பெற்றது. கடித்தால் 'நறுக்'கென்று உடையும், சாறு மணிக்கட்டு வரை வழியும். செப்டம்பர் வந்தால் இங்கே எல்லோரும் தோட்டத்துக்குப் போய்க் கூடை கூடையாகப் பறிப்பார்கள். என் மகளைச் சின்ன வயதில் அழைத்துப் போனபோதெல்லாம் நான் மனசுக்குள் துவைகல் மரத்தடியில் நின்றிருப்பேன். அவள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு மரம் மரமாக ஓடுவாள்.

இப்போது அவள் படிப்புக்காகக் கலிபோர்னியாவில் இருக்கிறாள். போன செப்டம்பரில் போன் செய்தவள், அங்கே கடையில் வாங்கிய ஹனிகிரிஸ்ப் சரியில்லை என்று புலம்பினாள். "அதே பேர்தாம்மா போட்டிருக்கான், ஆனா நம்ம ஊர்ப் பழம் மாதிரி இல்ல."

ஒட்டுக் கட்டிய மரம். விதிப்படி அது அச்சு அசலாக அதே பழம். அதை அவளிடம் சொல்லவா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. நம்ம ஊர் என்று அவள் சொன்னது மினசோட்டாவை. எனக்கு ஒரு நாளும் ஊராகாத இடத்தை அவளுக்கு ஊராக்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவே நான் இங்கே போட்ட விதை. அடுத்த வாரமே தோட்டத்துக்குப் போய் ஒரு பெட்டி பறித்து, அவள் விலாசத்துக்கு அனுப்ப விசாரித்தேன். கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து பழம் அனுப்ப ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடு என்றார்கள். கட்டுப்பாட்டைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். "லீவுக்கு வா, பறித்துத் தின்னலாம்" என்றேன். பெரியகுளத்திலிருந்து அப்பத்தா எனக்குச் சொன்ன அதே வாக்கியம்.